பார்கோ லாரி சொல்லித் தரும் வியாபாரப் பாடம்



நம்மிடம் சரக்கு எடுக்கும் இளைய கடைக்காரர் ஒருவர் அண்மையில் மண்டிக்கு வந்து இரண்டு யோசனை கேட்டார். ஒன்று, கடைக்குச் சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும். பழைய வண்டி ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா? இரண்டு, பருப்பையும் மிளகாய்த் தூளையும் தன் கடைப் பெயரிலேயே பாக்கெட் போட்டு விற்கலாமா?

கேள்வி இரண்டானாலும் எனக்குப் பதில் ஒன்றாகவே தோன்றியது. அதை விளக்க அவரிடம் பார்கோ லாரியின் கதையைச் சொன்னேன். "இதை நம் சங்க இதழில் எழுதுங்கள் ஐயா" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பார்கோ லாரி நினைவிருக்கும். முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் மரப் பாடி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பட்டணத்துக் கொத்தவால் சாவடியிலிருந்து படப்பைக்கு எங்கள் அப்பாவின் சரக்கு வருவது அப்படிப்பட்ட ஒரு லாரியில்தான். வண்டலூர் ரோட்டில் அது வரும் சத்தத்தை வைத்தே, மூட்டை இறக்க ஆட்கள் எழுந்து நிற்பார்கள். "பார்கோவா, கவலை இல்லை, வந்துவிடும்" என்பார் அப்பா. ஒரு பெயருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படிப் போயிற்று என்பதைப் பார்ப்போம்.

ஒரே மில், மூன்று மூட்டை

அமெரிக்காவில் ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தனர். போர்டு கம்பெனிக்கு எஞ்சினும் மற்ற பாகங்களும் செய்து கொடுத்துத் தொழில் கற்றவர்கள். 1914ல் சொந்தப் பெயரில் கார் செய்யத் தொடங்கினார்கள். நம்பகம் என்ற ஒரு சொல்லைத்தான் விளம்பரத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சகோதரர்கள் இருவரும் 1920ல் காலமானார்கள். பிறகு 1928ல் அந்தக் கம்பெனியை வால்டர் கிரைஸ்லர் என்பவரின் கம்பெனி வாங்கியது.

பார்கோ என்ற பெயரைக் கிரைஸ்லர் கம்பெனி லாரிகளுக்கு வைத்ததும் அதே 1928ல்தான். ஆங்கிலத்தில் பிரித்துப் படித்தால் 'தொலைவு போ' என்று பொருள் வரும். டாட்ஜ் கம்பெனி கைக்கு வந்தபின், தனியாக ஒரு லாரி செய்ய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. டாட்ஜ் லாரியையே எடுத்து, முன்பக்கப் பெயரை மாற்றி, பார்கோ என்றும் விற்றார்கள். வெளிநாடு சிலவற்றில் அதே வண்டி டிசோட்டோ என்ற பெயரிலும் போயிற்று.

ஏன் இந்த வேலை? நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். கிரைஸ்லர் கம்பெனிக்குப் பலவகை ஏஜெண்டுகள் இருந்தார்கள். டாட்ஜ் ஏஜெண்டிடம் டாட்ஜ் லாரி இருக்கிறது. பிளிமத் கார் விற்கும் ஏஜெண்டும் தன் கடையில் ஒரு லாரி வேண்டும் என்பார். அவருக்குப் பார்கோ. ஒரே மில்லில் அரைத்த அரிசியை மூன்று பெயர் அச்சடித்த சாக்கில் கட்டி மூன்று ஊர் வியாபாரிக்குக் கொடுப்பது போலத்தான். அமெரிக்காவிற்குள் அந்தப் பெயர் அதிக நாள் ஓடவில்லை. கனடாவில் மட்டும் 1972 வரை விற்றது.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. சாக்கில் உள்ள அரிசி நல்லதாக இருக்கும் வரை மூன்று பெயரும் நல்ல பெயர்தான். டாட்ஜ் லாரி இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கில் ராணுவத்துக்குப் போய் உழைத்த வண்டி. அந்த உழைப்பின் மதிப்பு பார்கோவுக்கும் சேர்ந்து கிடைத்தது.

நம் நாட்டுக்கு வந்த விதம்

நம் நாட்டில் அமெரிக்க லாரிகள் அதற்கு முன்பே ஓடின. போர்டு கம்பெனி 1926ல் இந்தியாவில் கிளை தொடங்கிச் சென்னையிலும் கடை வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றது. பாகங்கள் எல்லாம் பெட்டியில் கப்பலேறி வரும்; இங்கே முடுக்கிச் சேர்ப்பார்கள்.

பார்கோவின் வழி சற்று வேறு. வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் 1944ல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியைத் தொடங்கி, கிரைஸ்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1947ல் பம்பாய் குர்லாவில் வேலை ஆரம்பமாயிற்று. டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ என்ற பெயர்களில் லாரிகள் அங்கிருந்து வந்தன.

1953ல் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்பவர்களுக்கு மட்டுமே அனுமதி என்றது. போர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. இங்கே தொழிற்சாலை வைத்தவர்கள் நின்றார்கள்.

நல்ல பெயர் யாரால் வந்தது?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு. ஆகவே அந்த ஊர் லாரிக்குப் பெட்ரோல் எஞ்சின். நம் ஊரில் பெட்ரோல் போட்டு மூட்டை ஏற்றினால் வாடகைக்குக் கட்டாது, டீசல்தான் கட்டும். அந்த டீசல் எஞ்சின் நம் சென்னையிலிருந்து வந்தது. 1840ல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய சிம்சன் கம்பெனி, இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து 1950களில் செம்பியத்தில் டீசல் எஞ்சின்கள் செய்தது. அதில் ஆறு சிலிண்டர் கொண்ட பி-6 எஞ்சின்தான் டாட்ஜ், பார்கோ லாரிகளின் மூக்குக்குள் உட்கார்ந்தது.

அந்த நாளில் கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும்தான் வரும். மேலே பாடி கட்டுவது நம் ஊர்த் தச்சரும் கொல்லரும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் அந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்பது நாம் அறிந்ததே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயர் அமெரிக்கா. பூட்டியது பம்பாய். எஞ்சினின் வரைபடம் இங்கிலாந்து, செய்தது செம்பியம். பாடி நம் மாவட்டத்து மரம். ரோட்டோரம் படுத்துப் பழுது பார்த்தவர் நம் ஊர் மெக்கானிக். பாகம் கேட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. 'பார்கோவா, வந்துவிடும்' என்று அப்பா சொன்ன நம்பிக்கை இத்தனை பேர் சேர்ந்து உண்டாக்கியது. முன்பக்கம் எழுதியிருந்த பெயர் அந்த நம்பிக்கைக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

மூன்று பேர், மூன்று முடிவு

அதே காலத்தில் வேறு இரண்டு கம்பெனிகளும் வெளிநாட்டுப் பெயரைக் கடன் வாங்கித்தான் தொழில் செய்தன.

டாடா கம்பெனி 1954ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பெனியுடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. வண்டியின் முன்னால் பென்ஸ் நட்சத்திரம். 1969ல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் போயிற்று. அந்த இடத்தில் 'டி' என்ற எழுத்து வந்தது. லாரிக்காரர்கள் ஒன்றும் விட்டுப் போகவில்லை. பதினைந்து ஆண்டில் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சென்னை எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, ஆஸ்டின் கார் பூட்டிய கம்பெனி, பிறகு இங்கிலாந்தின் லேலண்டு லாரிக்கு மாறி, 1955ல் அசோக் லேலண்டு ஆயிற்று. இங்கிலாந்தின் தாய்க் கம்பெனி பின்னாளில் நொடித்து, கை மாறி, அதன் லாரித் தொழிற்சாலை 1998ல் அமெரிக்காவின் பாக்கார் கம்பெனி வசம் போய்விட்டது. எண்ணூர்ப் பிள்ளை மட்டும் 1987ல் இந்துஜா குடும்பத்தார் கைக்கு வந்து, இன்றும் அதே பெயரில் நிமிர்ந்து நிற்கிறது.

பார்கோ என்ன ஆயிற்று? உழைப்பில் அது யாருக்கும் குறைந்த வண்டி இல்லை. ஆனால் 1950களின் அமைப்பிலேயே பல ஆண்டுகள் ஓடியது. டாடாவும் லேலண்டும் புதுப்புது மாதிரிகள் கொண்டுவந்து, ஊருக்கு ஊர் சர்வீசும் உதிரிபாகமும் வைத்தன. கடன் வாங்கிய பெயரான டாட்ஜும் பார்கோவும் நீங்கி, பிரிமியர் என்ற பெயரில் லாரிகள் வந்தன. காலப்போக்கில் அதுவும் நின்றது. இன்று தாய்நாட்டிலேயே பார்கோ கிடையாது. டாட்ஜ் லாரியும் 2009க்குப் பின் ராம் என்று தனிப் பெயராகிவிட்டது.

பெயரை மூன்று பேரும் கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்தவர் போனபின் நின்றவர்கள், அந்தப் பெயருக்குள் இருந்த வேலையைத் தமதாக்கிக்கொண்டவர்கள்.

நான் கொடுத்த கட்டணம்

இந்தப் பாடத்தை நான் ஏட்டில் படிக்கவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். 1986ல் நானும் உறவினர் ஒருவரும் கூட்டாகப் பழைய லாரி ஒன்று வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அந்த மாதிரி வருவது நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விலை பாதி. எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தது. அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

பொங்கலுக்கு எட்டு நாள் முன்பு தர்மபுரிப் பக்கமிருந்து வெல்லம் ஏற்றி வந்தோம். ஆம்பூர் தாண்டி வண்டி நின்றது. பின் அச்சில் ஒரு பல்சக்கரம் உடைந்துவிட்டது. அந்தப் பல்சக்கரத்தைத் தேடி வேலூர் போனேன், இல்லை. சென்னை போனேன், 'அந்த வண்டிக்கா?' என்று சிரித்தார்கள். கடைசியில் லேத் பட்டறை ஒன்றில் கடைந்து வாங்கி வந்து மாட்டியபோது பொங்கல் கழிந்து இரண்டு நாள். பொங்கலுக்கு வந்த வெல்லம் மாட்டுப் பொங்கல் தாண்டினால் என்ன விலை போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னை நம்பி முன்பணம் கொடுத்திருந்த பதினோரு கடைக்காரர்கள் வெறுங்கையுடன் பண்டிகை வியாபாரம் செய்தார்கள். அதில் மூன்று பேர் பிறகு என் மண்டிப் படி ஏறவில்லை. பண நட்டத்தை இரண்டு வருடத்தில் அடைத்தேன். அந்த மூன்று பேரை அடைக்க முடியவில்லை.

அன்று அப்பா கேட்டது ஒரே கேள்வி: "வண்டிக்கு விலை கேட்டாய், அதன் பல்சக்கரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாயா?"

இன்றைக்கு நம் வாசலில்

இப்போது நம் படப்பையைச் சுற்றிப் பாருங்கள். ஒரகடத்தில் 2012ல் டைம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலை திறந்தது. பாரத்பென்ஸ் என்ற பெயரில் நாம் பார்க்கும் லாரி அங்கே பிறக்கிறது. அமெரிக்காவின் பிரைட்லைனர் லாரிக்கும் அந்தக் குடும்பத்தாரே உடைமையாளர்கள். அதே ஒரகடத்திலிருந்து பூசோ என்ற பெயரிலும் வெளிநாடுகளுக்கு லாரி போகிறது. ஒரே மில், இரண்டு மூட்டை! தொண்ணூறு ஆண்டுக்கு முன் பார்கோவில் நடந்த வியாபாரம் இன்று நம் பக்கத்து ஊரில் நடக்கிறது.

மறைமலை நகரில் போர்டு கம்பெனி 2022ல் கார் தயாரிப்பை நிறுத்தியதும் நாம் கண்டதே. அந்தக் கார் வைத்திருந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, 'பாகம் கிடைக்குமா?' என்பதுதான். சர்வீசும் பாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்ன பிறகே மனம் ஆறினார்கள். 2024ல் அந்தக் கம்பெனி திரும்பவும் இங்கே வர எண்ணம் தெரிவித்தது. கம்பெனிகள் வரும், போகும். வாங்கியவன் கையில் வண்டி இருந்துகொண்டே இருக்கும்.

கடைக்காரருக்கு நான் சொன்ன பதில்

வண்டி பற்றிச் சொன்னது: முதலில் உங்கள் சரக்கைப் பாருங்கள். டாட்ஜ் கம்பெனி 1939லேயே, ஏற்றும் சுமைக்கும் போகும் வேலைக்கும் ஏற்ற லாரி என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தது. நாளுக்குப் பத்து மூட்டை எடுக்கும் கடைக்குப் பெரிய வண்டி எதற்கு? பழைய வண்டியானால், விலை பேசும் முன் பத்து கிலோமீட்டருக்குள் அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று கேளுங்கள். கிளட்ச், பிரேக், பல்சக்கரம் மூன்றின் விலையையும் கடையில் நேரில் விசாரியுங்கள். இன்சூரன்ஸ், எப்.சி., வரி பாக்கி பாருங்கள். மாதத் தவணையோடு மாதப் பழுதுச் செலவையும் எழுதி, வாடகை வண்டிக்குக் கொடுப்பதோடு ஒப்பிடுங்கள். வாடகை குறைவானால் வாடகைதான் லாபம்.

பாக்கெட் பற்றிச் சொன்னது: தாராளமாகப் போடுங்கள். ஆனால் பெயர் அச்சடிப்பது கடைசி வேலை. அரைப்பவர் யார், அவர் நாளை அரைக்காமல் விட்டால் அடுத்தவர் யார், தரம் மாறினால் யார் திருப்பி எடுப்பது என்ற மூன்றுக்கும் பதில் இருக்கட்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண், எடை, தேதி எல்லாம் முறையாக இருக்கட்டும். வண்டு விழுந்த ஒரு பாக்கெட்டை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கும் அன்றுதான் உங்கள் கடைப் பெயர் வாடிக்கையாளர் மனதில் அச்சாகும்.

அவர் அந்தப் பழைய வண்டியை இன்னும் எடுக்கவில்லை. பாகங்களின் விலை விசாரிக்கச் சென்னைக்குப் போயிருக்கிறார். நல்ல வியாபாரிக்கு அழகு அதுதான்.