மண்ணுக்குள் உறங்கும் தண்டவாளங்கள்

முன்னுரை

வத்தலக்குண்டு வட்டாரத்தில் வாழும் நாம் தொலைதூரப் பயணம் செல்ல வேண்டுமாயின், அம்மையநாயக்கனூரில் உள்ள கொடைக்கானல் ரோடு நிலையத்திற்குச் சென்று புகைவண்டி ஏறுகிறோம். தண்டவாளம் என்றதும் ஊரோடு ஊரை இணைக்கும் பாதையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், எந்த ஊரையும் சென்று சேராத தண்டவாளங்களும் உண்டு. அவை பூமிக்கு அடியில், பாறையைக் குடைந்த வழிகளில், கதிரவன் ஒளியை ஒருநாளும் காணாமல் கிடப்பவை. அவற்றின்மீது சென்ற வண்டிகள் மனிதரை ஏற்றியவையல்ல, பாறையை ஏற்றியவை. அவற்றைத் தள்ளிய கைகளுள் மிகப் பல தமிழர் கைகளாகும். கோலார் தங்கவயலை நடுவாகக் கொண்டு அப்பாதைகளின் வரலாற்றையும், அதில் நமக்குள்ள கடமையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கம் என்னும் சொல்

நிலத்தடி வழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் மதுரை மாநகரைக் கூறுமிடத்து வருகின்றது. வடமொழியின் ‘சுருங்கா’ என்பதும் இதனோடு தொடர்புடையது. குழல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என அறிஞர் சிலர் கருதுவர். ஆக, பூமிக்குள் செல்லும் வழி பற்றிய எண்ணமும் சொல்லும் நமக்குப் புதியன அல்ல. அவ்வழியில் இரும்புப் பாதை இட்டு வண்டி ஓட்டியதே பிற்காலத்துச் செய்தியாகும்.

இருப்புப் பாதையின் பிறப்பிடம்

புகைவண்டிக்காகத் தண்டவாளம் பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. தண்டவாளம் முதலில் பிறந்தது. புகைவண்டி பின்னர் வந்தது. தண்டவாளத்தின் பிறப்பிடமோ சுரங்கமாகும்.

ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா சுரங்கத் தொழில் பற்றி எழுதிய இலத்தீன் நூல் 1556-இல் வெளிவந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில் ஓர் இரும்பு முளை ஓட, அதனால் வழி தவறாமல் சென்ற சிறு வண்டியை அவர் அந்நூலில் விளக்கியுள்ளார். ஓடும்போது எழும் ஓசை நாயின் குரைப்பை ஒத்திருந்ததால் அவ்வண்டிக்கு நாயின் பெயரையே சூட்டினராம். இங்கிலாந்தின் உல்லாட்டன் பகுதியில் நிலக்கரி கொண்டு செல்ல 1604 அளவில் மரத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1767-இல் கோல்புரூக்டேல் என்னும் இடத்தில் மரத்திற்கு மாற்றாக வார்ப்பிரும்பு வந்தது. 1804-இல்தான் டிரெவிதிக் தம் நீராவி இஞ்சினைத் தண்டவாளத்தின்மீது ஓட்டிக் காட்டினார்.

நம் நாட்டிலும் கதை இதுவே. 1837-இல் செங்குன்றத்திலிருந்து சென்னைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு இடப்பட்ட பாதை, சாலை போடுவதற்கான கற்களைச் சுமப்பதற்கே அமைந்தது. பயணிகள் வண்டி பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது 1853-இல் ஆகும். மனிதன் ஏறுவதற்கு முன்பே கல் ஏறிவிட்டது எனலாம்.

கோலார் தங்கவயல்

இன்றைய கருநாடக மாநிலத்தில், தமிழக எல்லைக்கு அருகே அமைந்தது கோலார் தங்கவயல். 1802-இல் அப்பகுதியில் நில அளவைப் பணியிலிருந்த ஜான் வாரன், ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை அறிந்து குறிப்பெழுதினார். 1870-களில் லவெல் என்னும் முன்னாள் படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். மாரிகுப்பம், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கு எடுக்கப்பட்ட தங்கம் 800 டன் அளவினது.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மைய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. பொன்னின் அளவு குறைந்தது, செலவு பெருகியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

பாதையும் வண்டியும் இயங்கிய முறை

ஆழ்சுரங்கம் ஒன்றைப் பல அடுக்கு மாளிகையாகக் கற்பனை செய்தால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும். மாளிகை மேல்நோக்கி எழுவது. சுரங்கமோ கீழ்நோக்கி இறங்குவது. படிக்கட்டின் இடத்தில் இருப்பது செங்குத்தான குழி. தொழிலாளர் இதனை ‘ஷாப்ட்’ என்பர். ஒவ்வோர் அடுக்கும் ‘லெவல்’ எனப்படும். ஷாப்டில் கூண்டு ஏறி இறங்கும். லெவலில் தண்டவாளம் நீளும்.

பாறையில் துளையிட்டு வெடிவைத்துத் தகர்த்தபின், கனிமக் கற்கள் சரிவான வாய்க்கால் வழியாகக் கீழ் லெவலுக்கு இறங்கும். அங்கே நிற்கும் ‘டப்’ என்னும் இரும்புத் தொட்டி வண்டியில் அவற்றை நிரப்புவர். வண்டியைத் தள்ளி ஷாப்டுக்கு அருகே கொண்டுவந்து கவிழ்ப்பர். பின்னர் அக்கல் மேலே இழுக்கப்பட்டு ஆலையில் பொடியாகும்.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. சுரங்கத் தண்டவாளம் முற்றிலும் சமமாக இடப்படுவதில்லை. ஷாப்டை நோக்கிச் சிறிதளவு சரிவாகவே இடப்படும். இதனால் பாரம் ஏற்றிய வண்டி எளிதாக உருண்டு வரும். காலி வண்டியை மட்டுமே மேட்டில் தள்ள வேண்டும். ஊற்றுநீரும் அச்சரிவிலேயே வடிந்து நீரிறைக்கும் இடத்தைச் சேரும். ஒரே சரிவால் இரு பயன் கிட்டிற்று.

ஓர் எளிய கணக்கையும் காண்போம். ஒரு டன் கல்லில் 5 கிராம் தங்கம் இருந்ததாகக் கொள்வோம். ஒரு சவரன் என்பது 8 கிராம். எனவே ஒரு சவரன் பொன்னுக்கு 1,600 கிலோ கல்லை இருளிலே வண்டியில் ஏற்றித் தள்ளியாக வேண்டும். திருமண வீட்டில் நாம் சவரன் கணக்குப் பேசுகையில், இந்த 1,600 கிலோவை எவரும் நினைப்பதில்லை.

தள்ளியவர் யார்?

வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வறுமையாலும் சாதிக் கொடுமையாலும் வெளியேறிய தமிழரே தங்கவயல் தொழிலாளருள் மிகுந்திருந்தனர். அவருள்ளும் ஒடுக்கப்பட்ட மக்களே பெரும்பாலோர். ஆழம் கூடக் கூட வெப்பம் கூடியது. அடிமட்டப் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேற்பட்டது. குளிரூட்டிய காற்றைச் செலுத்தியே அங்கு வேலை நடத்த முடிந்தது. அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும் ‘பாறை வெடிப்பு’ பலரைப் பலிகொண்டது. கல்தூசி நுரையீரலில் படிந்து ‘சிலிக்கோசிஸ்’ நோயைத் தந்தது.

இத்துன்பம் தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களும் சிறுவர்களும் வண்டி இழுத்தனர். பெண்களும் 10 வயது நிரம்பாத சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1842-இல்தான் அங்கு வந்தது.

ஆயினும் தங்கவயல் தமிழரை வெறும் உழைப்பாளர் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய இதழ், பின்னர்த் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அதனை வாசித்தும் பொருள் தந்தும் ஆதரித்தவருள் தங்கவயல் மக்கள் முதன்மையானவர். அவர் மறைவுக்குப் பின் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரால் மீண்டும் வெளியிடப்பட்டது. பகலெல்லாம் பாறை தள்ளிய கைகள் மாலையில் தமிழ் இதழ் ஏந்தின. தமிழ்த்துறை மாணவர் நெஞ்சில் நிறுத்தத்தக்க செய்தி இது.

கைவிடப்பட்ட பின்

நீரிறைக்கும் பொறிகள் நின்றால், ஊற்றுநீர் அடியிலிருந்து லெவல் லெவலாக ஏறும். தங்கவயலின் ஆழ்பகுதிகள் இவ்வாறே நீரில் மூழ்கின. கைவிடப்பட்ட சுரங்கங்களில் பழந்தண்டவாளங்களும் வண்டிகளும் அங்கேயே விடப்படுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அவற்றை மேலே ஏற்றும் செலவு, பழைய இரும்பின் விலையை விஞ்சிவிடும் என்பதே காரணம்.

துருப்பிடித்தல் என்பது இரும்பு காற்றின் உயிர்வளியை உண்ணுதலே ஆகும். காற்றோட்டமற்ற சுரங்கத்தில் துருவேறும் இரும்பும், மக்கும் மரமும், கந்தகம் கலந்த கனிமங்களும் உயிர்வளியைக் குறைத்துவிடுகின்றன. அங்கே பார்ப்பதற்கு எந்த அடையாளமும் இராது. உள்ளே செல்பவர் மயங்கி வீழ்வர். ஆதலால், ஆர்வம் காரணமாகக் கைவிட்ட சுரங்கத்துள் நுழைவது உயிரைப் பணயம் வைப்பதாகும் என்பதை இளைஞர் மறத்தலாகாது.

சுரங்கத்தின் இருள் அறிவுக்கும் உதவியது. வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்கள் தங்கவயலின் ஆழத்தில் 1965-இல் கண்டறியப்பட்டன. பொன்னுக்காகத் தோண்டிய வழியில்தான் அறிவியலாளரும் இறங்கினர்.

நாம் செய்யத்தக்கது

எடுத்த பொன்னுக்குக் கணக்கேடு உண்டு. ஆழத்திற்கு அளவு உண்டு. வண்டி தள்ளியவர் பேசிய மொழிக்கோ போதிய ஏடு இல்லை. ஆங்கிலச் சொல்லைத் தம் நாவிற்கேற்ப மாற்றியும், புதிய சொல்லைப் படைத்தும், ஆபத்தை முன்கூட்டி உணர்த்தும் குறிப்புகளை வழங்கியும் அவர்கள் ஒரு தொழில்மொழியை வளர்த்தனர். 2001-இல் 30 வயதாயிருந்தவர் இன்று முதுமையின் வாயிலில் நிற்கிறார். அவருக்கு மூத்தோர் பலர் மறைந்துவிட்டனர். நீருக்குள் கிடக்கும் இரும்பு துருவேறப் பல்லாண்டு ஆகும். மனிதர் நினைவில் உள்ள சொல் அத்துணைக் காலம் காத்திராது.

எனவே, தமிழ்த்துறைகள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, தங்கவயலில் பணியாற்றி ஓய்வுபெற்றோரிடம் தொழிற்சொற்களைத் தொகுத்தல். இரண்டாவது, அவர்தம் வாழ்க்கைக் கூற்றுகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, நூலகத்தில் வைத்தல். மூன்றாவது, இதே முறையில் நம் வட்டாரத் தொழில்களின் சொற்களையும் பதிவு செய்தல். திண்டுக்கல்லின் பூட்டுத் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் தமக்கே உரிய சொற்களை உடையவை. அத்தொழில்களில் ஈடுபட்ட பெரியோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டறிய ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

முடிவுரை

இருப்புப் பாதை சுரங்கத்தில் பிறந்தது; மேலே வந்து உலகை இணைத்தது. அதனைப் பெற்றெடுத்த சுரங்கங்கள் பல இன்று மூடிக் கிடக்கின்றன. அங்குள்ள தண்டவாளங்களை மீட்பது நம்மால் ஆவதன்று. அவற்றின்மீது நடந்தவர் சொற்களை மீட்பது நம்மால் ஆகும். பெரியோர் சொல்ல முன்வருவாராக, ஆசிரியர் வழிகாட்டுவாராக, மாணவர் எழுதத் தொடங்குவாராக.