சத்திரம் வரைக்கும் கொண்டுபோனவன்

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: லூக்கா 10:25-37; யோவான் 5:1-9



நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. திருநெல்வேலி - சங்கரன்கோவில் ரோட்டில் தினமும் பஸ் ஏறி இறங்குகிற நாம் அதை யோசிக்கிறதில்லை. நடந்தும் வண்டி கட்டியும் வழிப்பயணம் போகிறவர்கள் தங்கி இளைப்பாறுகிற இடம்தான் சத்திரம். நல்ல சமாரியனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில், நம்முடைய தமிழ் வேதாகமத்திலும் இதே வார்த்தை வருகிறது.

அந்த சமாரியன் என்னவெல்லாம் செய்தான் என்று வரிசையாகப் பாருங்கள். கிட்ட வந்தான். மனதுருகினான். காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்துக்குக் கொண்டுபோனான். அங்கே பராமரித்தான். மறுநாள் பணம் கொடுத்தான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று பொறுப்பேற்றான். மனதுருக்கம் இதில் ஒன்றுதான். மற்றதெல்லாம் கைவேலையும் கால்நடையும் கைச்செலவும். ஆசாரியனும் லேவியனும் ஜெபிக்கத் தெரியாதவர்கள் அல்ல. அவர்கள் பக்கமாய் விலகிப் போனதுதான் குற்றம்.

இந்த மாதம் நாம் தியானிக்கப் போகிறது குடியில் விழுந்துகிடக்கிறவர்களைப் பற்றி. அவர்களுக்கு நாம் எந்த சத்திரத்தைக் காட்டியிருக்கிறோம்?

முதலில் என் தவறு

பாடம் சொல்வதற்கு முன்னால் ஒரு காரியத்தை அறிக்கை செய்கிறேன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, ஊழியம் ஆரம்பித்த புதிது. ஒரு சகோதரி தன் புருஷனை ஜெபவீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். காலையில் பல் விளக்குமுன் குடிக்கிற நிலைமை. அவரும் அழுதார். "இனி தொடமாட்டேன் ஐயா" என்றார். நான் மூன்று நாள் உபவாச ஜெபம் என்று சொல்லி, அவரை ஜெபவீட்டிலேயே தங்கவைத்தேன்.

அன்றைக்கு சாயங்காலமே கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. "பிசாசு போராடுதான், விட்டுராதீங்க" என்று எல்லாரும் சத்தமாய் ஜெபித்தோம். மறுநாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊருகிறது என்று தட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளியது. நான் தலையில் கைவைத்து அதட்டிக்கொண்டே இருந்தேன். வந்திருந்த ஒரு வாலிபத் தம்பிதான் என்னைக் கேட்காமல் 108-க்கு போன் பண்ணினான். அவனுக்காக இன்றைக்கும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஐயா, நீங்க ஜெபம் பண்ணினது தப்பில்ல. தினமும் குடிச்ச உடம்பை ஒரேயடியா நிப்பாட்டி, சோறு தண்ணியும் இல்லாம வச்சீங்களே, அதுதான் தப்பு. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா ஆளு தங்கியிருக்க மாட்டாரு" என்றார்.

அந்தச் சகோதரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர்கள் கோபப்படவில்லை. "ஐயா, குடிய விடு விடுன்னு எல்லாரும் சொல்லுதாக. எங்க கூட்டிட்டுப் போகணும்னு ஒருத்தராவது சொன்னாகளா? நீங்களும் சொல்லலியே" என்றார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பாடமே அதற்கு நான் சொல்லுகிற பதில்தான்.

1. பாவமா, வியாதியா?

வெறித்திருப்பதை வேதம் பாவம் என்று சொல்லுகிறது (எபேசியர் 5:18). அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால் வருஷக்கணக்கில் குடித்தவனுடைய மூளையும் நரம்பும் சாராயத்துக்குப் பழகிப்போகிறது. அது இல்லாமல் உடம்பு இயங்க முடியாத நிலைமைக்கு வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. பாவத்தில் ஆரம்பித்தது வியாதியாய் முற்றிவிட்டது. பாவத்துக்கு மனந்திரும்புதல் வேண்டும், வியாதிக்கு வைத்தியமும் வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தினமும் அதிகமாய்க் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, குமட்டல் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், ஆள் அடையாளம் தெரியாது. இது உயிருக்கே ஆபத்தான கட்டம். எல்லாருக்கும் இப்படி வராது. ஆனால் யாருக்கு வரும் என்று நாம் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டர்கள் இதற்கு மருந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, பி1 வைட்டமின் ஊசியும் போட்டுப் பத்திரமாய்க் கடத்திவிடுகிறார்கள்.

"மருந்து சாப்பிட்டால் அவிசுவாசம் இல்லையா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:5-7). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே வீட்டில் இருந்தது. சுவிசேஷம் எழுதிய லூக்காவும் ஒரு வைத்தியன்தானே (கொலோசெயர் 4:14).

2. 38 பேரில் ஒருவர்

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2019-ல் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். அதில் 5.7 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால் குடிக்கு அடிமைப்பட்டவர்களில் ஏதாவது ஒரு உதவியோ சிகிச்சையோ பெற்றவர்கள் 38 பேருக்கு ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்த்தவர்கள் 180 பேருக்கு ஒருவர். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பிலும், குடிநோயாளிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 86 பேர் சிகிச்சை பெறாதவர்கள் என்று தெரியவந்தது. தேவை இருக்கிறது, கவனிப்பு எட்டவில்லை. இந்த இடைவெளிக்குத்தான் சிகிச்சை இடைவெளி என்று பெயர்.

அந்த 38 என்ற எண்ணைப் பார்த்தவுடனே எனக்கு பெதஸ்தா குளம் ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவன். எண் ஒத்துப்போகிறதால் இதில் தீர்க்கதரிசனம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அவன் சொன்ன காரணத்தைப் பாருங்கள். குளம் பக்கத்தில்தான் இருந்தது. அதில் கொண்டுபோய் விட அவனுக்கு ஒரு ஆள் இல்லை.

மற்ற 37 பேர் ஏன் போகவில்லை? நம்ம பக்கத்து வீடுகளை வைத்தே சொல்லுகிறேன்.

வெட்கம். பெண் கொடுக்க மாட்டார்கள், ஊர் சிரிக்கும் என்று வீடே மூடி மறைக்கிறது. கூலி. வேலைக்குப் போகாத நாள் அடுப்பு எரியாது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் வட்டிக்காரனுக்கு என்ன சொல்வது? அறியாமை. மஞ்சள்காமாலை வந்தால்தான் டாக்டர், குடிக்கு டாக்டர் ஏது என்கிற எண்ணம். குறுக்குவழி. "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கிற பொடியும் மாத்திரையும். தாய்மார்களே, அதை வாங்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மருந்தைச் சொல்லாமல் கலந்து கொடுத்து, அதன்மேல் அவர் குடித்தால், வாந்தியும் மூச்சுத்திணறலும் வந்து ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம்.

இன்னொரு காரணம் நாம்தான். "உன் ஜெபம் பத்தாது" என்று அழுதுகொண்டு வந்த சகோதரிகளை அனுப்பியிருக்கிறோம். அடிபட்டவளையே மறுபடியும் அடித்திருக்கிறோம்.

கடையை மூடவேண்டும் என்று ஜெபிக்கிறோம், நல்லது. 2016, 2017, 2023 ஆகிய வருஷங்களில் தலா 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஆனால் அடிமைப்பட்டவன் அடுத்த ஊருக்குப் போனான். கடையை மூடுவது புதிதாய் விழாதபடி காக்கும். ஏற்கனவே விழுந்தவனைத் தூக்கிவிட ஆள் வேண்டும்.

3. நமக்கு எட்டுகிற சத்திரங்கள்

போன்: போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ், 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை, மனைவியோ அம்மாவோ பேசலாம்.

அரசு ஆஸ்பத்திரி: திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "மனநலம்" என்ற போர்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குடிநோய்க்கும் அங்கேதான் வைத்தியம். தென்காசி மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரை எந்தக் கிழமை பார்க்கலாம் என்று முன்னதாகவே விசாரித்துக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் 2025-ல் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மறுவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. அதில் நமக்குப் பக்கத்தில் எது என்றும் கேளுங்கள்.

போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: தினமும் எவ்வளவு, கடைசியாய்க் குடித்தது எத்தனை மணிக்கு, முன்னால் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். வலிப்பு, ரத்த வாந்தி, நினைவு தடுமாற்றம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ கூப்பிடுங்கள்.

தனியார் இல்லம்: பதிவு இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். அடிக்கிற இடத்தில், பூட்டிவைக்கிற இடத்தில் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. இதை மற்றவர்களுக்கென்று தள்ளிவிட வேண்டாம். ஜெபவீடு நடத்துகிற நமக்கும் அது எச்சரிப்பு.

4. திரும்பி வருகிற சமாரியன்

சத்திரத்தில் விட்டதோடு சமாரியன் கதை முடியவில்லை. திரும்பி வருவேன் என்றான். குடிநோய் வைத்தியத்தில் இதுதான் முக்கியம். முதல் பத்து நாளில் உடம்பு தெளியும். மனசு தெளிய மாதங்கள் ஆகும், ஆலோசனை வேண்டும், ஆசையைக் குறைக்கிற மாத்திரையும் டாக்டர் கொடுப்பார்.

சென்னையில் குடியினாலே கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980-ல் கணவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். அதுதான் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடிக்கிறவருக்கு மட்டுமல்ல, அவர் குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை உண்டு. பட்டணத்துக்கு வர முடியாத ஏழைகளுக்காக, 1989-ல் மஞ்சக்குடி கிராமத்தில் ஊர்க்காரர் ஒத்துழைப்போடு முகாம் வைத்து, ஊரிலேயே வைத்தியம் பார்த்தார்கள். ஒரு கிராமம் சேர்ந்து செய்ததை ஒரு சபை சேர்ந்து செய்யக் கூடாதா?

லாசருவை எழுப்பினது ஆண்டவர். கட்டை அவிழ்க்கச் சொன்னது சுற்றி நின்றவர்களை (யோவான் 11:44). நம் பங்கு இவைதான்:

அ) ஒருவர் வைத்தியத்துக்குப் போகச் சம்மதித்தால், சபையிலிருந்து ஒரு சகோதரன் கூடவே போகவேண்டும். பஸ் சார்ஜும் சாப்பாட்டுச் செலவும் சபைக் காணிக்கையிலிருந்து. அந்த நாட்களுக்கு வீட்டுக்கு அரிசி போகவேண்டும்.

ஆ) தினமும் குடிக்கிறவரை டாக்டரிடம் காட்டாமல் உபவாசத்தில் உட்காரவைக்கக் கூடாது. ஜெபம் நாம் பண்ணுவோம். அவர் சாப்பிடட்டும்.

இ) குடியை விட்டு ஒரு மாதம் ஆனவரை மேடையேற்றி சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். அவர் பெயரைச் சொல்லி ஜெபக்குறிப்பும் வாசிக்காதீர்கள்.

ஈ) மறுபடி விழுந்தால் "பின்மாற்றக்காரன்" என்று தள்ளாதீர்கள். மறுபடி விழுவது இந்த வியாதியில் சகஜம். மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் முதலில் சொன்ன சகோதரன் இரண்டு தரம் விழுந்தார். இரண்டு தரமும் அவரோடு பஸ்ஸில் போனேன். மூன்றாம் முறை சிகிச்சைக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. இன்றைக்கும் மாதம் ஒருதரம் மருந்துச் சீட்டோடு போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாயில் சுவர் ஓரமாய் உட்காருகிறவர் அவர்தான் என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். போன மாதம் அந்தச் சகோதரி என்னிடம் வந்து, "ஐயா, எங்க தெருவுல இன்னொரு வீட்டுல கேக்காக, நானே கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றார்கள். நான் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் சமாரியனாகிவிட்டார்கள். அல்லேலூயா!

பிரியமானவர்களே, நம்ம சபையில் இந்தத் துக்கம் உள்ள வீடுகளை எண்ணிப் பார்த்தேன், இரண்டு கை விரல்களும் போதவில்லை. இந்த வாரம் அதில் ஒரு வீட்டுக்குப் போங்கள். பிரசங்கம் பண்ண வேண்டாம். "எப்ப போகலாம், நானும் கூட வாரேன்" என்று கேளுங்கள்.

ஜெபம்: பரம தகப்பனே, நாங்கள் பக்கமாய் விலகிப்போன நாட்களை மன்னியும். விழுந்துகிடக்கிறவர்களை ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிற காலையும், திரும்பத் திரும்பப் போகிற பொறுமையையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஊர் பெயருக்கேற்ற சத்திரமாக இருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.