பசி என்னும் அளவுகோல்

பாடம் 9 – உரைநடை

நுழையும்முன்

எடைக்கருவியின் மேல் ஏறி நின்றதும் அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் நம்மைப் பற்றி எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை அறிவோம்.

ஓர் உடல், இரு தீர்ப்புகள்

தில்லியில் எட்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி. கோடை விடுமுறைக்கு முந்திய வாரம் பள்ளியில் உடல்நலப் பரிசோதனை நடந்தது. அவளுடைய அட்டையை எட்டிப் பார்த்த வகுப்புத் தோழர் சிலர் அவளை 'மோட்டி' என்று இந்தியில் கேலி செய்தனர். குண்டுப்பெண் என்பது அச்சொல்லின் பொருள். அன்று அவள் தன் மதிய உணவைத் தோழியருக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தாள். மூன்றாம் நாள் குடும்பத்துடன் சென்னைக்குத் தொடர்வண்டியில் புறப்பட்டாள். அம்மா கட்டி எடுத்து வந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் புளிச்சோற்றையும் வேண்டாம் என்று மறுத்தாள்.

அங்கிருந்து திருநெல்வேலிக்குச் சென்று வீட்டு வாசலில் இறங்கியதும் ஆச்சி அவளுடைய கன்னத்தைத் தடவினார். "என்னம்மா, இப்படி மெலிந்துபோய்விட்டாய்? தில்லியில் சோறே கிடைக்காதா?" என்று வருந்தினார். அவள் "போதும் ஆச்சி" என்று சொல்லச் சொல்ல, தட்டில் மூன்றாம் தோசையும் விழுந்தது.

அவளுக்கு வியப்பாக இருந்தது. ஒரு வாரத்திற்குள் அதே உடல் ஓரிடத்தில் பருமன் என்றும், மற்றோரிடத்தில் மெலிவு என்றும் தீர்ப்புப் பெற்றது. கேலி செய்தவர்களிடம் அன்பு இல்லை. ஆச்சியிடம் அன்பு நிறைய இருந்தது. எனினும் இரு சாராரும் அவளை வெளியிலிருந்தே அளந்தனர்.

இரவு முற்றத்தில் அமர்ந்திருந்தபோது அவள் நடந்ததையெல்லாம் ஆச்சியிடம் கூறி அழுதாள். ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது போகட்டும். இப்போது உனக்குப் பசிக்கிறதா, அம்மா?" என்று கேட்டார்.

அதுவரை எல்லாரும் அவளுடைய உடலைப் பற்றிப் பேசியிருந்தனர். அவளுடைய பசியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

எண்ணின் வரலாறு

உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடப்படும் எண்ணை 'உடல் நிறைக் குறியீட்டெண்' என்பர். இக்கணக்கிற்கு அடிப்படை இட்டவர் பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த அடோல்ப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். கணித அறிஞர், வானியல் அறிஞர். 1830களில் மக்கள் கூட்டத்தின் சராசரி அளவுகளை ஆராய்ந்தபோது, உயரத்தின் இருமடிக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை அவர் கண்டறிந்தார். தனி மனிதர் ஒருவரின் உடல்நலத்தை அளப்பது அவருடைய நோக்கமன்று. இன்று வழங்கும் பெயர் 1972ஆம் ஆண்டில்தான் அதற்கு வந்தது.

மருத்துவர்கள் இவ்வெண்ணைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் வளரும் பிள்ளைகளுக்கு அதனைத் தனியே எடுத்துக்கொள்வதில்லை. வயது, பாலினம், சில ஆண்டுகளின் வளர்ச்சி ஆகியவற்றோடு சேர்த்தே பார்க்கின்றனர். பருவ வளர்ச்சி சிறுமியரிடம், சிறுவரைவிடப் பொதுவாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கும். அப்போது எடை கூடுவது இயல்பான வளர்ச்சியே. அதனைக் குறை என்று கருதிப் பிள்ளைகள் தாமே உணவைக் குறைத்துக்கொள்ளுதல் கூடாது.

பட்டினியும் மனமும்

உணவைக் குறைத்தால் உடல் மட்டுமா வாடும்? 1944ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரினால் பட்டினியில் வாடிய மக்களை மீட்கும் வழியை அறிவதே அதன் நோக்கம். நல்ல உடல்நலமும் மனநலமும் உடைய 36 இளைஞர்கள் தாமே முன்வந்தனர். அவர்களுக்கு 24 வாரங்கள் ஏறத்தாழப் பாதி உணவே வழங்கப்பட்டது.

அவர்கள் மெலிந்தனர், அத்துடன் அவர்களின் மனமும் மாறியது. எந்நேரமும் உணவையே நினைத்தனர். சிலர் சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்தனர். சிறு செய்திக்கும் சினம் கொண்டனர். நண்பர்களை விட்டு விலகினர். ஒன்றில் கருத்தூன்ற இயலாமல் தவித்தனர். மீண்டும் நிறைய உண்டபோதும், பலருக்கு வயிறு நிறைந்த உணர்வு நெடுநாள் வரவில்லை.

ஆகவே, பட்டினி கிடப்பவர் உணவையே எண்ணி ஏங்குவது மனஉறுதிக் குறைவு அன்று. பசித்த உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் குரல் அது. மதிய உணவைத் தவிர்த்த மாணவியால் அன்று பிற்பகல் கணக்குப் பாடத்தில் கருத்தூன்ற முடியாமற்போனதில் வியப்பில்லை.

வள்ளுவர் காட்டும் அளவு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் பெரும்பகுதி உணவைப் பற்றியது. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் உண்ண வேண்டும் என்கிறார் வள்ளுவர். பசியின் அளவை மீறி உண்பதால் வரும் துன்பத்தையும் எடுத்துரைக்கிறார். பருமனாக இருப்பதைப் பற்றியோ மெலிந்திருப்பதைப் பற்றியோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. அவர் காட்டும் அளவுகோல் உடலுக்கு உள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் பசி. பசித்தால் உண்ணுதல், நிறைந்தால் நிறுத்துதல் ஆகிய இரண்டும் அந்த அளவுகோலுக்குக் காட்டும் மதிப்பாகும்.

சொல்லும் துணையும்

ஒருவருடைய உடலைப் பற்றிக் கேலியாகச் சொல்லும் சொல், சொன்னவருக்கு மறந்துவிடும், கேட்டவருக்கு மறப்பதில்லை. உண்ண அச்சம் தோன்றினாலோ, உணவை மறைக்கவோ எறியவோ தோன்றினாலோ, எடையைப் பற்றிய எண்ணமே ஓயாது வருத்தினாலோ, அதனைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்வது இழிவன்று.

விடுமுறை முடிந்து அம்மாணவி தில்லிக்குத் திரும்பினாள். இடைவேளையில் ஒருவன் மீண்டும் பழைய சொல்லைச் சொன்னான். அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எனினும் உணவுப் பாத்திரத்தைத் திறந்தாள். அவளுக்குப் பசித்தது; உண்டாள்.

அருஞ்சொற்பொருள்

ஆச்சி – பாட்டி (நெல்லை வழக்கு)
தீர்ப்பு – முடிவு
இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கக் கிடைப்பது
கருத்தூன்றுதல் – மனத்தை ஒன்றில் நிலைநிறுத்துதல்
இழிவு – தாழ்வு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. அச்சொல் 2. அவ்வெண் 3. உடல்நலம் 4. கருத்தூன்ற

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கெட்லே எதனை ஆராய்ந்தார்?
2. பட்டினியால் இளைஞர்களின் மனத்தில் நேர்ந்த மாற்றங்கள் இரண்டனை எழுதுக.
3. மாணவிக்கு ஆச்சி இட்ட மூன்றாம் தோசைக்கும், ஆச்சி கேட்ட கேள்விக்கும் உள்ள வேறுபாடு யாது?

இ. சிந்தித்து எழுதுக.
அம்மாணவியின் வகுப்பில் நீங்கள் இருந்திருந்தால், கேலி எழுந்தபோது என்ன செய்திருப்பீர்கள்?

செயல்பாடு
நண்பர் ஒருவரைப் பாராட்டி ஐந்து தொடர்கள் எழுதுக. அவற்றுள் ஒன்றிலும் அவருடைய தோற்றத்தைக் குறிப்பிடாதீர்கள்.