‘என்னமோ பண்ணுது’ என்று சொன்னால்...

எண்பதைத் தாண்டியவர்கள் ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். ‘என்னமோ பண்ணுது’ என்பார்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

1. படபடப்பு, வயிற்றைப் பிசைவது, தலை கிறுகிறுப்பு, விடிய விடியத் தூக்கமில்லாமல் புரள்வது – இந்த வயதில் மனப்பதற்றம் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வெளிவரும். ‘வயசானா அப்படித்தான்’ என்று தள்ளிவிடாதீர்கள்.

2. இதுவரை இல்லாத பதற்றம் புதிதாக வந்தால், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, சீரற்ற இதயத்துடிப்பு, சர்க்கரை இறங்கிப்போவது, சிறுநீர்த் தொற்று எல்லாமே இப்படிக் காட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குப்பென்று வியர்ப்பது இருந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

3. மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், ஸ்டீராய்டு, அளவு கூடிய தைராய்டு மாத்திரை ஆகியவையும் படபடப்பைத் தரும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

4. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. என் மாமியார் 84 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன்: மாலையில் கட்டிலருகே வைக்கும் சொம்புத் தண்ணீர் காலையிலும் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. ராத்திரி எழுந்து போக நேரக் கூடாதென்று தண்ணீரையே நிறுத்தியிருக்கிறார்! தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், கிறுகிறுப்பு. அதனால் இன்னும் பயம். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, வழியெல்லாம் இரவு விளக்கு, நழுவும் மிதியடிகளுக்கு விடை. இவ்வளவு செய்த பிறகுதான் சொம்பு காலியாகத் தொடங்கியது.

5. காது மந்தமானவர் எதிரில் தாழ்ந்த குரலில் பேசாதீர்கள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மனசு தவிக்கும். காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள்.

6. ‘பேரன் வந்துட்டானா?’ என்று பத்தாவது தடவை கேட்டாலும், ‘இப்பத்தானே சொன்னேன்’ என்று சீறாதீர்கள். அவன் வரும் நேரத்தைச் சிலேட்டில் பெரிதாக எழுதிக் கண்ணெதிரே மாட்டுங்கள். கேள்வி ஓயாவிட்டால், மறதி நோயின் தொடக்கமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

7. சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம்.

8. பக்கத்து வீட்டில் தந்த தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவை இந்த வயதில் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் தரும். இடுப்பெலும்பு முறிவது வரை போகும். ஏற்கெனவே பல வருடமாகச் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

9. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் இலவசம். போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.