உயிருள்ள தோல்

பேரணாம்பட்டு,
சித்திரை மாதம்.

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமன் அநேக ஆசீர்வாதம்.  

ஆம்பூரில் நீ குடியிருக்கும் வீட்டில் ஒரு நாட்டு நாய்க்குட்டியும், அதற்கு முன்பே வந்து உரிமை கொண்டாடிவிட்ட ஒரு பூனையும் வளர்கின்றன என்றும், அவற்றைப் பராமரிக்கும் விதத்தை என்னிடம் கேட்கச் சொன்னாய் என்றும் உன் அம்மா எழுதியிருந்தாள். நான் மிருக வைத்தியன் அல்லன். நாற்பது வருஷம் தோலை ரகம் பிரித்துப் பிழைத்தவன். ஆனால் நீயும் இப்போது அதே வேலையில் இருப்பதனால், வைத்தியர் சொல்லாத ஒன்றை நான் உனக்குச் சொல்லக்கூடும்.

வடக்கு ஜன்னலின் வெளிச்சத்தில், மேஜைமீது விரித்த ஆட்டுத்தோலின்மேல் உள்ளங்கையை ஓட்டும்போது, உண்ணி கடித்த இடம் ஊசிமுனைப் பள்ளமாகவும், சொறி பிடித்த இடம் சொரசொரப்பாகவும், வேலிமுள் கீறிய இடம் ஆறிய கோடாகவும் விரலுக்குத் தட்டுப்படுவதையும், அந்த ஆட்டை வளர்த்தவன் சிரத்தையுள்ளவனா அசிரத்தைக்காரனா என்பதை அவன் முகத்தையே பாராமல் நாம் அறிந்துகொள்வதையும் நீ அனுபவத்தில் கண்டிருப்பாய். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய காலத்துத் தோலானாலும் சரி, குரோமியத்தில் நீலம் பாரித்து வரும் இக்காலத்துத் தோலானாலும் சரி, உயிரோடு இருந்தபோது பட்டதை அது மறைப்பதில்லை.

இவ்வளவும் அறிந்த நான் செய்த பிழையைக் கேள். மணி என்றொரு செந்நிற நாய் எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தது. ஒரு கோடையில் அது சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்தது. வெயிலின் கொடுமை என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் மாலை மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகிய பிறகே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒன்றும் பேசாமல் அதன் காதைப் புரட்டிக் காட்டினார். உள்ளே ஆமணக்கு விதைகளை ஒட்டிவைத்தாற்போல் உண்ணிகள். ஈறு வெளுத்துக் கிடந்தது. உண்ணிக் காய்ச்சல் முற்றிவிட்டது என்றார்; அன்றிரவே மணி போய்விட்டது. அன்று பகலெல்லாம் நான் ஊரார் ஆட்டின் தோலில் உண்ணி வடுவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகையால், பிரதிதினமும் கால்மணி நேரம் உன் நாயை மடியில் கிடத்தி, தோலைப் பார்க்கும் அதே கையால் பார். காதுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கடியில், வாலின் அடியில் உண்ணி ஒளியும். உதட்டை உயர்த்தி ஈறை விரலால் அமுக்கி எடு. வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் அன்று, சுவர் விரிசலிலும் அது படுக்கும் சாக்கிலுமே கழிக்கிறது. ஆதலால் சுவரையும் சாக்கையும் சுத்தம் செய்யாமல் நாய்க்கு மட்டும் மருந்து போடுவது வீண். மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கம் கூடவே கூடாது. நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனையைக் கொன்றுவிடும். உன் வீட்டில் இரண்டும் ஒரே சாக்கில் உறங்குவதால் இதை மறவாதே. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனைக்கு யமன்.

நம் தொழிலின் கழிவால் பாலாறு அடைந்த துர்க்கதியைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றம், வருமுன் காப்பது என்னும் தத்துவம் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமே என்று தீர்ப்பளித்தது. ஆற்றுக்குச் சொன்னது வீட்டு நாய்க்கும் பொருந்தும். வெறிநோய் கண்ட பின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. முன்னதாகப் போடும் ஊசியோ மிக எளிது. பாரிஸில் லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனைக் காத்த அந்த வித்தை, 1907-இல் குன்னூரில் நிலையம் கண்டு நம் பக்கம் வந்தது. எங்கள் பிராயத்தில் ஆட்டு மூளையில் தயாரித்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு துடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய் ஊசி போடு. ஆண்டுதோறும் மறவாமல் தொடர். பூனைக்கும் அப்படியே. குட்டிக்குப் பார்வோ முதலான தொற்று வியாதிகளுக்கான ஊசி ஆறு எட்டு வாரத்திலேயே தொடங்கவேண்டியது. தப்பித்தவறி எந்தப் பிராணி கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்பும் ஓடும் நீருமாகக் கால்மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஆகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? விருந்து முடிந்ததும் இலையை வழித்து நாய்க்கு வைப்பது நம்மவர் பிரியத்தின் அடையாளம். ஆனால் வெந்த எலும்பு சிராய் சிராயாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்த அணுக்களையும் அழிக்கும். மசாலா படுமுன் வேகவைத்த கறியைச் சோற்றோடு பிசைந்து வை. பூனைக்குச் சோறும் பாலும் போதும் என்பது தவறான அபிப்பிராயம். கறியும் மீனும் இல்லாவிடில் அதன் கண்ணும் இருதயமும் கெடும், பாலோ வளர்ந்த பூனைகள் பலவற்றிற்கு வயிற்றைக் கலக்கும். தொழிற்சாலையில் கழிக்கும் வெட்டுத் துண்டுகளைக் குட்டி கடித்து விளையாடட்டும் என்று ஒருநாளும் கொண்டுவராதே. அவை இரசாயனம் ஏறியவை, விழுங்கினால் குடலை அடைப்பவை. சுண்ணாம்புக் கழிவு தேங்கிய இடங்களில் குட்டியைத் திரியவிடவும் வேண்டாம்.

நம் பக்கத்து வெயில் உனக்குத் தெரியாததன்று. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. விடியுமுன் நடத்து, புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்த்துச் சுடுமாயின் வீட்டுக்குத் திரும்பிவிடு. நிழலும் மண்சட்டியில் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். தினமும் உன் குரலும் சிறிது விளையாட்டும் கிடைத்துவிட்டால் வேறு சந்தோஷத்தை நாயும் பூனையும் கேட்பதில்லை.

பிராணிகளின் தோலால் சோறு தின்பவர்கள் நாம். மேஜைக்கு வந்த தோல் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது நாம் செய்யக்கூடியது அதை மூன்றாம் ரகத்தில் போடுவது ஒன்றே. உன் வாசலில் படுத்திருக்கும் தோல் சொல்லும்போதோ இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இக்கடிதத்தை மடித்து வைத்ததும் விளக்கடியில் உட்கார்ந்து, குட்டியின் இரண்டு காதுகளையும் புரட்டிப் பார்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமன்.