‘செ’யை அப்படியே விட்டுடாதீங்க!

ப்ளஸ் ஒன்னில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தவங்களுக்காக இதை எழுதுகிறேன். மத்தவங்களும் படிக்கலாம், ஏன்னா பாதி விஷயம் நம்ம தமிழில்தான் இருக்கு.

‘நாளை நான் என்ன செய்யப் போகிறேன்’ என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பேப்பர் திரும்பி வந்தபோது ஆறு இடத்தில் சிவப்பு வட்டம். ஆறும் ஒரே தப்பு!

அகராதியில் ‘எழுந்துகொள்ள’ என்பதற்கு ‘செ லெவே’ என்று இருக்கும். (உச்சரிப்பைக் கிட்டத்தட்டத்தான் தமிழில் எழுத முடியும்.) நான் அதை அப்படியே தூக்கி ‘ஜெ வே செ லெவே’ என்று எழுதிவிட்டேன். ‘ஜெ வே மெ லெவே’ என்பதுதான் சரி.

ஏன் இந்தத் தப்பு வருது? தமிழில் சொல்லிப் பாருங்க. நான் கை கழுவிக்கப் போறேன், நீ கை கழுவிக்கப் போறே, அப்பா கை கழுவிக்கப் போறார். கடைசிச் சொல்தான் மாறுது, ‘கழுவிக்க’ மாறவே இல்லை. அந்தப் பழக்கத்தில் ‘செ’யையும் தொடாமல் விட்டுவிடுகிறோம். பிரெஞ்சில் இரண்டும் மாறணும்:

ஜெ வே மெ லவே (நான்)
து வா தெ லவே (நீ)
இல் வா செ லவே (அவன்)
நூ ஸலோன் நூ லவே (நாம்)
வூ ஸலே வூ லவே (நீங்கள்)
இல் வோன் செ லவே (அவர்கள்)

‘நான் தன்னைக் கண்ணாடியில் பார்த்தேன்’ என்று யாராவது சொன்னா சிரிப்போம் இல்லையா? ‘என்னை’ன்னுதானே சொல்லணும்! நம்ம ‘ஜெ வே செ லவே’ அவங்க காதுக்கு அப்படித்தான் கேட்கும். எனக்கு இதை நினைச்ச பிறகுதான் விதி மறக்கவே இல்லை.

அந்தச் சின்னச் சொல்லை விட்டுட்டாலும் வம்புதான். ‘ஜெ வே லவே லா ஷெமீஸ்’ என்றால் சட்டையைத் துவைக்கப் போகிறேன். ‘ஜெ வே மெ லவே’ என்றால் என்னையே கழுவிக்கொள்ளப் போகிறேன்.

இடமும் முக்கியம். ‘மெ’ எப்பவும் ‘லெவே’வை ஒட்டியே நிற்கும், ‘வே’க்கு முன்னாடி போகாது. ‘எழுந்துகொள்ளப் போவதில்லை’ என்பது ‘ஜெ நெ வே பா மெ லெவே’. ‘நெ’யும் ‘பா’வும் ‘வே’யைத்தான் சுற்றி நிற்கும். ‘எழுந்துகொள்ள வேண்டும்’ என்பதும் இதே மாதிரி, ‘ஜெ த்வா மெ லெவே’. உயிரெழுத்து ஒலி வந்தால் ‘மெ’ சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ‘உடுத்திக்கொள்ள’ என்பதற்கு ‘ஸபியே’, ‘நான்’ வந்தால் ‘மபியே’.

அப்போ ‘செ’ எப்போ மாறாமல் இருக்கும்? யார் என்று சொல்லாமல் பொதுவாகப் பேசும்போது. ‘இல் ஃபோ செ லெவே’ என்றால் ‘எழுந்துகொள்ளணும்’. முதல் ஷிஃப்டுக்கு நெய்வேலி போறவங்க எல்லாருக்கும் பொருந்தும்!

கடலூர் தாண்டினால் புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரை அங்கே பிரெஞ்சு ஆட்சிதான். இன்றைக்கும் அங்கே தெருப்பலகையில் பிரெஞ்சு இருக்கு, பேசுறவங்களும் இருக்காங்க. போனா ஒரு வாக்கியமாவது சொல்லிப் பாருங்க.

கீழே மூன்றிலும் தப்பு இருக்கு. திருத்தி, பேர், வகுப்போட நம்ம இதழ்ப் பெட்டியில் போடுங்க.

1. து வா செ கூஷே. (நீ படுத்துக்கொள்ளப் போகிறாய்)
2. நூ ஸலோன் செ லவே லே மேன். (நாம் கை கழுவிக்கொள்ளப் போகிறோம்)
3. ஜெ த்வா ஸபியே. (நான் உடுத்திக்கொள்ள வேண்டும்)

விடை அடுத்த இதழில்.