மனுவில் ‘மிஸ்டு’ வேண்டாம், ‘லாஸ்ட்’ எழுதுங்க

பஸ்ஸில் மார்க் ஷீட் தொலைந்துவிட்டது. காவல் துறைக்கு ஆங்கிலத்தில் மனு எழுத உட்கார்ந்தால், நம்மில் பலர் ‘மை மார்க் ஷீட் வாஸ் மிஸ்டு’ என்றுதான் ஆரம்பிப்போம். ‘மிஸ் ஆயிடுச்சு’ன்னு தமிழில் பேசிப் பழகியதால் வரும் தவறு இது. பஸ்ஸைத் தவறவிட்டால்தான் ‘மிஸ்டு’. பொருள் தொலைந்தால் ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை மார்க் ஷீட்’ அல்லது ‘மை மார்க் ஷீட் இஸ் மிஸ்ஸிங்’. தொலைப்பதைக் குறிக்கும் ‘லூஸ்’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு ‘ஓ’தான், இரண்டு போட்டால் தொளதொள சட்டை ஆகிவிடும்!

‘டிஸப்பியர்டு’க்கு முன்னால் ‘வாஸ்’ வராது. ‘வேனிஷ்டு இன்டு தின் ஏர்’ கதைக்கு அழகு, மனுவுக்கு வேண்டாம். ‘மிஸ்ப்ளேஸ்டு’ என்றால் எங்கோ வைத்துவிட்டு மறந்தது. வீட்டில் நல்லா தேடினீங்களா என்றுதான் கேட்பார்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ‘ஸ்டோலன்’. இது திருட்டுப் புகார். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். தானாகத் தொலைந்த ஆவணம் என்றால், தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் ‘லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்’ பகுதியில் பதியலாம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, பையோடு பறித்துக்கொண்டு போனதைக்கூட ‘லாஸ்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். பிறகு திருட்டு என்று சொல்லப் போனால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். எங்கே, எப்போது, எப்படிப் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சொல்ல மறந்துட்டேனே, ஸ்டேஷனில் கொடுக்கும் மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.